ஒல்மெக் தலையும் ஒரு மூன்றரை வீடும்

என் முகத்தை யாரும் அதிக நேரம் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. பஸ்ஸில்கூட யன்னல் பக்கம் திரும்பித்தான் இருப்பேன். அப்படிப்பட்ட என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தன் வீட்டு விறாந்தையில் நிற்கவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சந்தையில் மாடு வாங்க வந்தவர்போலச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, வாயை ஒருக்கா உம்மெண்டு வைச்சிரும் பாப்பம்."

வைத்தேன். வாடகைக்கு இருப்பவன் வேறு என்ன செய்வது?

"இஞ்சாரும், ஓடிவாரும்! நீர் சொன்னது சரிதான். அச்சொட்டு!" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.

அவருடைய மனைவி கையைத் துடைத்தபடி வந்தார். "நான் அங்க வைச்சே சொன்னனான். நீங்கள்தான் நம்பேல்லை. மூக்கைப் பாருங்கோ. அதே மூக்கு."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், பெப்ரவரி பிறந்தால் மொன்ட்ரியாலில் வசதியுள்ளவர்கள் பனிக்கு முதுகைக் காட்டித் தெற்கே பறப்பார்கள். சாப்பாடு, படுக்கை, குடி எல்லாம் அடங்கிய ஒரு வாரம். தலைவரும் மனைவியும் மெக்சிக்கோ போய் வந்திருந்தார்கள். அந்த ஹோட்டலின் நீச்சல் குளத்தங்கரையில் ஒரு பெரிய தலை இருந்ததாம். கழுத்து இல்லை, உடம்பு இல்லை, தலை மட்டும். தட்டை மூக்கு, தடித்த உதடு, கீழே வளைந்த வாய், தலையில் ஒரு கவசம். சீமெந்தில் செய்து சாம்பல் நிறம் அடித்தது. டிஜிட்டல் கமராவில் படம் காட்டினார். தலைவர் அரைக் காற்சட்டையோடு அதன் கன்னத்தில் கையூன்றி நின்றார். நானும் பார்த்தேன். என் மனைவி பார்த்தால் என்னை எப்போது மெக்சிக்கோவுக்கு அனுப்பினார்கள் என்று கேட்பாள். அவ்வளவு பொருத்தம்.

"இது ஒல்மெக் எண்ட சனத்தின்ர தலை," என்றார் தலைவர். "மூவாயிரம் வருசத்துக்கு முந்தினது. ஆர் இவையள், எங்கயிருந்து வந்தவை எண்டு உலகம் மண்டையைப் போட்டு உடைக்குது. எனக்கு ஒரு கிழமையில விளங்கிட்டுது."

"ஆர் அண்ணை?" என்றேன்.

"கண்ணாடியைப் போய்ப் பாரும்."

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். சரித்திரத்தில் அவ்வளவு தூரம் நான் போகவில்லை. தலைவரோ ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் மனேஜராக இருந்தவர். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மூன்று தட்டு வீடொன்றின் சொந்தக்காரர். மேல்தட்டில் அவர்கள் இருந்தார்கள். நடுத்தட்டில் நானும் மனைவியும் மகனும் வாடகைக்கு இருந்தோம். கீழ்த்தட்டு பாதி நிலத்துக்குள் புதைந்த ஒரு மூன்றரை. இந்த ஊரில் வீட்டின் அளவை அப்படித்தான் சொல்வார்கள். மூன்று என்பது அறைகள், அரை என்பது குளியலறை. அந்த மூன்றரையில் அப்போது யாரும் இருக்கவில்லை. சங்கத்தின் குத்துவிளக்குகளும் பதாகைகளும் விலைபோகாத விழா மலர்களும் பெட்டி பெட்டியாக அங்கே குடியிருந்தன.

அடுத்த வாரங்களில் தலைவர் ஆராய்ச்சியில் இறங்கினார். நூல்நிலையத்திலிருந்து சிறுவர்களுக்கான ஒரு பிரெஞ்சுப் படப் புத்தகம் எடுத்துவந்து, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தன் மகளைக் கொண்டு வாசிக்கவைத்தார். தண்ணீர்க் குழாய் திருத்துவதற்காக நான் மேலே போன ஒரு நாள் அந்த வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. மகள் வாசித்துச் சொன்ன பல விஷயங்கள் எனக்குப் பிடித்திருந்தன. தலைகளெல்லாம் ஒவ்வொரு அரசனின் முகமாக இருக்கலாமாம். கல்லைத் தூரத்து மலையிலிருந்து கொண்டுவந்தார்களாம், எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதாம். ஒல்மெக் என்பது அவர்கள் வைத்த பெயரும் இல்லையாம். ரப்பர் நாட்டு ஆட்கள் என்ற பொருளில் பிற்காலத்தவர் பயன்படுத்திய பெயராம். அவர்கள் தங்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது காற்றோடு போய்விட்டது. வேலையில் என் பெயர் அட்டையில் பாதிப் பெயர்தான் இருந்தது, மீதிக்கு அட்டையில் இடமில்லை. ஆகவே அவர்கள்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது.

"ரப்பர்!" என்று தலைவர் துள்ளினார். "எங்கட நாட்டில ரப்பர்த் தோட்டம் இருக்கோ இல்லையோ?"

"அப்பா, ரப்பர் அங்கயிருந்துதான் எங்களுக்கு வந்தது," என்றாள் மகள்.

"வந்ததெண்டு ஆர் சொன்னது? திரும்பி வந்ததாய் இருக்கலாம். மிளகாய்? மிளகாய் இல்லாமல் தமிழன் ஒரு நாள் இருப்பானோ? அதுவும் அங்க இருக்கு. பந்து விளையாட்டு? நாங்கள் கிளித்தட்டு மறிச்சனாங்கள். என்னவோ மிருகத்தைக் கும்பிட்டவையெண்டு வாசிச்சாய், அது என்ன?"

"சிறுத்தை மாதிரி ஒண்டு. ஜாகுவார்."

"புலியெண்டு எழுது. சிறுத்தையெண்டால் ஆர் கைதட்டுவினம்?"

"இதில எங்கயும் தமிழ் எண்டு இல்லை அப்பா. அந்த நாட்டு ஆக்கள்தானாம். அவையின்ர பரம்பரை இப்பவும் அங்க இருக்காம்."

"எழுதினதை எல்லாரும் வாசிப்பினம். எழுதாததைத்தான் நாங்கள் வாசிக்க வேணும்," என்றார் தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒல்மெக் தங்கட ஆக்களெண்டு ஆபிரிக்கக்காரர் ஒருபக்கம் கேட்டிட்டினம். சீனாக்காரரும் கேட்டிட்டினமாம். இப்பவே பிந்திப்போனம்," என்றார்.

இன்னொன்றும் அவள் வாசித்தாள். சில தலைகள் முதலில் சிம்மாசனமாக இருந்தவையாம், பிறகு அந்தக் கல்லிலேயே தலையைச் செதுக்கினார்களாம். தலைவர் அதைக் குறிப்பெடுக்கவில்லை. எங்கள் சங்கத்தில் கதிரை தலையாக மாறுவதில்லை. தலை கதிரையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் மாதக் கோடை விழாவில் "ஒல்மெக்கும் தமிழரும்" என்று தலைவர் பேசுவதாக முடிவாயிற்று. மேடையில் ஒரு தலை செய்துவைப்பது, அதன் பக்கத்தில் ஆதாரமாக என்னை நிறுத்துவது என்றும் முடிவாயிற்று. என்னிடம் கேட்கவில்லை.

"நீர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை தம்பி. நிண்டால் காணும்."

என் மனைவியிடம் சொன்னேன். "நிக்கிறதுதானே? நல்லாய் நிப்பியள்," என்றாள். "கலியாணப் படத்திலயும் நீங்கள் இப்பிடித்தான் நிக்கிறியள். நான்தான் அப்ப விளங்காமல் போனன்."

இனி என்னோடு வேலை செய்த மெக்சிக்கோக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு பெரிய குசினியில் நான் வேலை செய்தேன். சாப்பாடு போகும் பக்கம் அல்ல, திரும்பி வரும் பக்கம். எச்சில் தட்டுகள் வார்பட்டியில் வர, நாங்கள் இருவர் எதிரெதிராக நின்று அவற்றைக் கொட்டிப் பிரித்துக் கழுவும் இயந்திரத்துக்குள் தள்ளுவோம். எனக்கு எதிரே நின்றவர் மெக்சிக்கோவின் வெராக்ரூஸ் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். எங்கள் இருவருடைய பிரெஞ்சையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணும். ஆனாலும் நன்றாகவே கதைத்தோம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் முன் நான் நெற்றியில் சிலுவை போடுவதைப் பார்த்து முதல் நாள் அவரும் போட்டார். சிநேகிதம் அப்படித் தொடங்கியது. அவருடைய அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஏன் வந்தீர் என்று நான் கேட்டதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை.

அவருடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஜூனில் வர இருந்தார்கள். அவரோ வேறு ஆண்களோடு ஒரே அறையில் இருந்தார், அங்கே குடும்பத்தை விடமாட்டார்கள். மொன்ட்ரியாலில் ஜூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும். கட்டிலும் குளிர்ப்பெட்டியும் தெருவெல்லாம் நடக்கும். அன்றைக்குள் ஒரு வீட்டைப் பிடிக்காதவன் அடுத்த ஜூலை வரை மற்றவர் வீட்டு நடையில்தான் படுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர் தெருத் தெருவாக நடந்து, வாடகைக்கு என்று செம்மஞ்சள் எழுத்தில் பலகை தொங்கிய கதவுகளைத் தட்டினார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டதும் வீடு கொடுத்தாயிற்று என்பார்கள். பலகை மட்டும் அடுத்த வாரமும் தொங்கும்.

நான் அவரிடம் ஒல்மெக் தலையைப் பற்றிக் கேட்டேன்.

"ஓ, அந்தத் தலைகளா?" என்றார். "பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றின்மேல் ஏறினேன். ரீச்சர் அடித்தா. பிறகு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தா."

"அவர்கள் யார்?"

அவர் ஒரு தட்டிலிருந்த பாணைக் கொட்டிவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "எங்கட ஊர் ஆட்கள்தான். வேறு யார்?"

எவ்வளவோ யோசித்து, ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேலே போனேன். போனவுடன் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், காலநிலையைப் பற்றிச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"அண்ணை, கீழ்வீடு சும்மாதானே கிடக்கு. என்னோட வேலை செய்யிற ஒராளுக்குக் குடுப்பியளோ?"

"ஆர் ஆள்? எங்கட ஆளோ?"

"மெக்சிக்கோக்காரர் அண்ணை. மனிசியும் ரெண்டு பிள்ளையளும் வருகினம்."

தலைவர் கதவைச் சாத்தினார். "மெக்சிக்கனோ? தம்பி, நீர் வெள்ளை மனசுக்காரர். உமக்கு உலகம் தெரியாது. நாலு பேர் எண்டு வருவாங்கள், பேந்து பார்த்தால் பத்துப் பேர் படுத்திருப்பாங்கள். பாட்டுப் போடுவாங்கள். சமைச்சால் மணம் மேல வரைக்கும் வரும்."

அப்போது அவருடைய குசினியில் கருவாடு பொரிந்துகொண்டிருந்தது. தவிர, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் எத்தனை பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு படுத்தோம் என்பதை அவர் ஒவ்வொரு விழாவிலும் கண்கலங்கிச் சொல்வார். சனமும் கண்கலங்கும்.

"அவர் ஒல்மெக் தலையள் இருக்கிற இடத்து ஆள் அண்ணை," என்றேன்.

"அது வேற தம்பி. அது மூவாயிரம் வருசத்துக்கு முந்தின கதை."

உண்மைதான். மூவாயிரம் வருடத்துக்கு முந்திய சகோதரன் பாட்டுப் போடமாட்டான். குளியலறைக் குழாய் உடைந்ததென்று கதவைத் தட்டவும் மாட்டான்.

ஆனால் தலைவரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆளை ஒருக்காக் கூட்டிவாரும். பாப்பம்," என்றார். வீட்டுக்காகத்தான் பார்க்கப்போகிறார் என்று நான் நினைத்தேன். மெக்சிக்கோக்காரரும் அப்படித்தான் நினைத்தார். தலைமயிரைத் தண்ணீர் தொட்டு வாரி, வெள்ளைச் சேர்ட்டின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, கடதாசிப் பையில் இனிப்புப் பாண் வாங்கிக்கொண்டு வந்தார்.

தலைவர் அவரைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார். மெக்சிக்கோக்காரருக்கு ஒல்லி முகம், கூர் மூக்கு, மெல்லிய உதடு.

"என்ன தம்பி, இவர் ஒல்மெக் மாதிரியே இல்லையே. நீர் எவ்வளவோ மேல்."

"என்ன சொல்கிறார்?" என்று மெக்சிக்கோக்காரர் கேட்டார்.

"வந்தது சந்தோசமாம்," என்றேன்.

"அவையள் புலியைக் கும்பிட்டவையோ எண்டு கேளும்."

என் பிரெஞ்சில் கும்பிடுவதற்குச் சொல் இல்லை. அந்தப் பெரிய பூனையை உங்கள் வீட்டில் விரும்புவார்களா என்று கேட்டேன். வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி என்று எண்ணி அவர் பதறிப்போய், "பூனை இல்லை, நாய் இல்லை ஐயா. இரண்டு பெண் பிள்ளைகள் மட்டும். சத்தமே போடமாட்டார்கள். நான் குடிப்பதில்லை," என்று நெஞ்சில் கைவைத்தார்.

"நெஞ்சில கைவைச்சுச் சொல்லுறார் பாத்தீரோ? பணிவு! தமிழ்ப் பணிவு!" என்ற தலைவர், அவரை விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். பொன்னாடை போர்ப்பதாகவும் சொன்னார்.

"வீடு அண்ணை?"

"அது சங்கத்தின்ர ஆவணக் காப்பகமாய் வரப்போகுது தம்பி. பேந்து பாப்பம்."

படியிறங்கும்போது மெக்சிக்கோக்காரர் என் தோளைப் பிடித்து, "நல்ல மனிதர். என்னைப் பிடித்துவிட்டது, இல்லையா?" என்றார். ஓம் என்றேன். அது பொய் இல்லை.

ஜூன் நடுப்பகுதியில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். போக இடமில்லை. என் மனைவி எங்கள் முன்னறையில் பாய் விரித்துவிட்டாள். "ஜூலை முதலாந்திகதி மட்டும் இருக்கட்டும். அதுக்குப் பிறகு நீங்கள்தான் வழி சொல்ல வேணும்," என்றாள். அந்தப் பெண் எங்கள் குசினியில் ஒரு நாள் மிளகாய் வறுத்தார். நாங்கள் எல்லோரும் ஒன்றாகத் தும்மினோம். தலைவரின் ஆராய்ச்சியில் ஒரு பகுதி உண்மைதான் என்று அப்போது நினைத்தேன்.

மேலேயிருந்து தலைவரின் மனைவி என் மனைவியைக் கேட்டாராம்: "கீழ ஆரோ ஓடுப்படுற சத்தம் கேக்குது?"

"உங்கட சிறப்பு விருந்தினரின்ர பிள்ளையள் அக்கா," என்று சொல்லியிருக்கிறாள்.

இதற்கிடையில் தலை தயாராகிக்கொண்டிருந்தது. கல்யாணங்களுக்கு மணவறை சோடிக்கும் ஒருவர் ரெஜிபோம், அதாவது தெர்மோகோல், பாளங்களை ஒட்டிச் செதுக்கினார். மணவறையில் அன்னப்பட்சி செய்து பழகிய கை என்பதால் முதலில் அந்த அரசனின் கண் மைதீட்டிய மணப்பெண்ணின் கண்ணாக வந்துவிட்டது. திருத்தினார்கள். அதற்குள் நிர்வாகக் குழுவில் சண்டை தொடங்கியது. தமிழன் என்றால் நெற்றியில் திருநீறு வேண்டும் என்றார் செயலாளர். வேதக்காரரும் சங்கத்தில் சந்தா கட்டுகிறார்கள் என்று எங்கள் பக்கத்து ஒருவர் எழும்பினார். பொட்டாவது வைப்போம் என்று மூன்றாமவர் சமாதானம் பேசினார். இரவுச் சாப்பாடு ஆறும்வரை இது நடந்தது. கடைசியில் படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் தலைக்கவசம் புருவம்வரை இறங்கியிருப்பது தெரிந்தது. நெற்றியே இல்லை. மூவாயிரம் வருடத்துக்கு முன்பே எங்களை அறிந்து ஒருவன் செதுக்கியிருக்கிறான்.

எனக்கும் கவசம் வேண்டுமென்றார் தலைவர். என் மகனின் ஹொக்கித் தலைக்கவசத்துக்கு மண்ணிறம் அடித்தார்கள்.

விழாவுக்கு முந்திய நாள் தலைவருக்கு இன்னொரு யோசனை வந்தது. "தம்பி, நன்றியுரையை நீர் சொல்லும். ஒல்மெக்கே எழும்பி நன்றி சொன்னால் எப்பிடி இருக்கும்! சனம் அசந்து போகும்."

"எனக்குக் கதைக்கத் தெரியாதே அண்ணை."

"அதுக்குத்தான் நன்றியுரை. மண்டபம், ஒலிபெருக்கி, மணவறைக்காரர், றோல்ஸ் தந்தவை. அவ்வளவுதான்."

எங்கள் விழாக்களில் நன்றியுரை எப்படிப்பட்டது என்பது வராதவர்களுக்குத் தெரியாது. அது கடைசியில் வரும். முன்பெல்லாம் அதற்கு முன்னமே மண்டபம் காலியாகிவிடும். ஆகவே செயலாளர் ஒரு தந்திரம் செய்தார். நன்றியுரை முடிந்த பிறகுதான் இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் கொடுப்பார்கள். அன்றிலிருந்து ஒருவரும் எழும்பிப் போவதில்லை. பேச்சுகளுக்கு நித்திரை கொண்டவர்கள்கூட நன்றியுரைக்கு விழித்துக்கொள்வார்கள். நன்றியில் பெயர் விடுபட்டவர்கள் வருடக்கணக்காகக் கோபித்துக்கொண்டு திரிவதுண்டு. ஆனால் தனக்குச் சொன்ன நன்றியை எழும்பி நின்று, அது நான் செய்யவில்லை என்று மறுத்தவர் எங்கள் சங்கத்தில் ஒருவர்கூட இல்லை.

விழா தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளின் நடனம் முடிந்து திரை விலகியபோது மேடை நடுவில் தலை இருந்தது. பக்கத்தில் நான் வாயைக் கீழே வளைத்துக்கொண்டு நின்றேன். வளைப்பதற்குக் கஷ்டப்படவில்லை. மண்டபம் முழுக்க ஒரு சிரிப்பு எழுந்து, பிறகு கைதட்டலாக மாறியது. முன்வரிசையில் மெக்சிக்கோக்காரர் வெள்ளைச் சேர்ட்டோடு இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். சின்னவள் என்னைப் பார்த்துக் கைகாட்டினாள். நான் கல் என்பதால் கைகாட்ட முடியவில்லை.

தலைவர் ரப்பரிலிருந்து தொடங்கினார். மிளகாய்க்கு வந்தார். புலிக்கு வந்தபோது எதிர்பார்த்த கைதட்டல் கிடைத்தது, சோழன் கொடிக்கு இன்னொன்று கிடைத்தது. பின்வரிசையிலிருந்து எப்போதும் கேள்வி கேட்கும் ஒரு பெரியவர் எழும்பினார்.

"அண்ணை, அவங்கள் தமிழர் எண்டால் பேந்து ஏன் ஸ்பானிஷ் கதைக்கினம்?"

தலைவர் தயங்கவேயில்லை. "உங்கட பேரப்பிள்ளையள் ஏன் பிரெஞ்சு கதைக்குதுகள்?"

பெரியவர் மெதுவாகக் கதிரையில் அமர்ந்தார். தலைவரின் பேச்சு முழுவதிலும் எனக்குச் சரியென்று பட்ட இடம் அது ஒன்றுதான்.

பிறகு மெக்சிக்கோக்காரருக்குப் பொன்னாடை போர்த்தார். தழுவிக்கொண்டார். ஒலிவாங்கியை இழுத்து, "இவர் விருந்தாளியில்லை! இவர் எங்கட இரத்தம்! கடல் பிரிச்சது, காலம் பிரிச்சது. இண்டைக்கு ஒண்டாகிறம். இந்தச் சகோதரத்துக்கு எங்கட வாசல் எப்பவும் திறந்திருக்கும்!" என்றார். கைதட்டலில் ரெஜிபோம் தலை சற்று ஆடியது. நான் காலால் முட்டுக்கொடுத்தேன்.

என்னை நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி வரைக்கும் நடந்தது நினைவிருக்கிறது. கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே இரைந்து கேட்டது. மண்டபத்துக்கு நன்றி என்றேன். ஒலிபெருக்கிக்கு நன்றி, மணவறைக்காரருக்கு நன்றி என்றேன். றோல்ஸ் என்றதும் பின்வரிசையில் கதிரைகள் அசைந்தன. அத்தோடு இறங்கியிருக்கலாம். முன்வரிசையில் பொன்னாடை சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விளங்காத மொழியில் தன்னை எல்லோரும் புகழ்ந்தார்கள் என்ற சந்தோசத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பொன்னாடையைக் கொண்டுபோய்த் தொங்கவிட அவருக்கு ஒரு ஆணி இல்லை.

"எல்லாத்துக்கும் மேலால," என்றேன். குரல் என்னுடையதுபோல் இல்லை. "இந்தச் சகோதரத்துக்கு வாசல் திறந்திருக்கெண்டு வாயால சொன்னதோட நிக்காமல், வாற ஜூலை முதலாந்திகதியில இருந்து தன்ர கீழ்வீட்டை இந்தக் குடும்பத்துக்கு வாடகைக்குக் குடுக்கிற எங்கட தலைவர் அண்ணைக்கும், அக்காவுக்கும் நன்றி. வணக்கம்."

பின்வரிசைப் பெரியவர் எழும்பி நின்று கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். "அது தலைவர்! அது செயல்!" என்றார். அவர் விஷயம் விளங்கித்தான் செய்தார் என்று இன்றும் சந்தேகப்படுகிறேன். மற்றவர்களும் எழும்பினார்கள். தலைவரின் மகள் விரலை வாயில் வைத்து விசிலடித்தாள்.

நான் திரும்பித் தலைவரைப் பார்த்தேன். அவருடைய வாயின் இரண்டு ஓரங்களும் கீழே வளைந்திருந்தன, உதடு தடித்திருந்தது, கண் அசையவில்லை. என்னைவிட அவர்தான் பொருத்தம் என்பது அப்போது தெரிந்தது. பிறகு மெல்ல எழும்பி, சபையைப் பார்த்துக் கைகூப்பினார்.

றோல்ஸ் எடுக்கும் இடத்தில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, நீர் வாய் திறவாத மனிசன் எண்டல்லோ நினைச்சன்."

"ஓம் அண்ணை. இனித் திறக்கமாட்டன்."

அவர் இலேசில் விடவில்லை. விழா முடிந்ததும் அந்தத் தலையைக் கீழ்வீட்டு முன்னறைக்குள் இறக்கிவிட்டார். கதவு நிலையில் உரசி ஒரு காதின் நுனி உடைந்தது. "தலை இருக்கு, மலர்ப் பெட்டியள் இருக்கு. எங்க குடுக்கிறது?" என்றார். ஆனால் காரியம் அவர் கையை விட்டுப் போயிருந்தது. ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பாராட்டினார்கள். கடையில் கறிவேப்பிலை வாங்கும்போது பாராட்டினார்கள். பெரியவர் சந்திக்குச் சந்தி நின்று பாராட்டினார். ஒரு கிழமைக்குள் தலைவர் தன்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னதைத் தானே நம்பத் தொடங்கிவிட்டார். கடைசியில் மனைவி முடித்துவைத்தார்: "கீழ்வீட்டுத் திறப்பைக் குடுங்கோ. இனிக் குடாட்டில் எனக்குக் கோயில் வாசலில தலைகாட்ட ஏலாது."

ஜூலை முதலாம் திகதி காலை நானும் மெக்சிக்கோக்காரரும் தலையை வெளியே எடுத்தோம். வைக்க வேறு இடமில்லாததால் என் வீட்டு வாசல் மேடையில் வைப்பதென்று முடிவு. மலர்ப் பெட்டிகள் என் கட்டிலுக்குக் கீழே போயின. இந்த ஊர் வீடுகளுக்கு வெளியே இரும்புப் படி வளைந்து வளைந்து ஏறும். அதில் அவர் மேலே நின்று இழுக்க, நான் கீழே நின்று தோளால் தள்ள, தலை என் முகத்துக்கு நேரே மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு ஏறியது. தெருவெல்லாம் கட்டில்களோடு அலைந்த சனம் நின்று பார்த்தது.

பாதி வழியில் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரிப்பில் பிடி தளர்ந்து தலை ஒரு படி கீழே இறங்கியது.

"என்ன?" என்று கத்தினேன்.

"பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொன்னா, இவ்வளவு பெரிய தலைகளை ஏன் இடம் மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாதாம்," என்றார். "எனக்கு இப்போது தெரியும் அமிகோ. வீட்டுக்காரர் இடத்தைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்."

பின்னேரம் கீழ்வீட்டு யன்னலில் திரை தொங்கியது. அவர்கள் பாட்டுப் போட்டார்கள், சின்னச் சத்தத்தில்தான். தலைவர் மேலேயிருந்து இறங்கிவந்து கீழ்வீட்டு வாசலில் நின்று, போவோர் வருவோருக்கு, "ஒல்மெக் பரம்பரை. என்ர வீட்டிலதான் இருக்கினம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பெப்ரவரியில் அவரும் மனைவியும் கியூபா போனார்கள். இனி எந்தச் சிலைக்கு என் முகம் பொருந்துமோ என்று திரும்பி வரும்வரை பயந்துகொண்டிருந்தேன். அங்கே குளத்தங்கரையில் சிலை ஒன்றும் இருக்கவில்லையாம்.

தலை இன்னும் என் வாசல் மேடையில் இருக்கிறது. மாரியில் கவசத்தின்மேல் பனி குவியும். கீழ்வீட்டுப் பிள்ளைகள் ஏறிவந்து அதைத் தட்டிவிடுவார்கள். தபால்காரர் இருட்டோடு வரும் நாட்களில் அதற்குத்தான் முதலில் பொஞ்சூர் என்று வணக்கம் சொல்வார். தெருவில் போகிறவர்களும் நிமிர்ந்து அதையே பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிக்கும் என்னை ஒருவரும் பார்ப்பதில்லை.